ஓவியத்தின் முன் கால் மணி நேரம்



மாத்தளை நகரிலிருந்து வடக்கே செல்லும் பெருந்தெருவில், நாலந்தாவையும் நாவுலையையும் கடந்து, ஏறத்தாழ 45 கிலோமீற்றர் சென்றால் தம்புள்ளை வந்துவிடும். தவணை முடியும் காலங்களில் இத்தெருவிலே கல்விச் சுற்றுலா வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதைக் காணலாம். காலையில் தம்புள்ளைக் குகைகள், நண்பகலில் சிகிரியாக் குன்று, மாலையில் வேறோரிடம், இரவில் வீடு. மறுநாள் வகுப்பில் ஆசிரியர், "என்ன கண்டீர்கள்?" என்று வினவினால், "எல்லாம் கண்டோம்" என்பர் பிள்ளைகள். "கண்ட ஓவியங்களுள் ஒன்றைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றாலோ, வகுப்பு மௌனமாகி விடும்.

குற்றம் பிள்ளைகளுடையதன்று. நூலைப் படிப்பதற்கு எழுத்தறிவு வேண்டும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கின்றனர். இசையைத் துய்ப்பதற்குச் செவி பழக வேண்டும் என்பதையும் மறுப்பாரில்லை. ஓவியத்துக்கு மாத்திரம் திறந்த கண் இருந்தாற் போதும் என்று பலர் எண்ணிவிடுகின்றனர். கண்ணும் பழக வேண்டியதே. அப்பழக்கத்தைத் தொடங்குவதற்கு மாத்தளை மாவட்டத்தைப் போல வாய்ப்பான இடம் இலங்கையில் மிகச் சிலவே. தம்புள்ளை நூதனசாலை, தம்புள்ளைக் குகைக்கோயில், சிகிரியாக் குன்று ஆகிய மூன்றும் ஒரே மாவட்டத்தில், ஒரு நாட் பயணத்துள் அடங்கிவிடுகின்றன.

முதலிற் செல்ல வேண்டியது நூதனசாலை. குகைக்கோயிலுக்குச் செல்லும் கூட்டத்திற் பெரும்பாலோர் அதன் வாயிலை எட்டிப் பார்ப்பதுமில்லை. "அங்கே இருப்பவை மூல ஓவியங்கள் அல்லவே, வெறும் பிரதிகள்தாமே!" என்பது அவர்கள் கூறும் காரணம். உண்மைதான். இலங்கையின் பல பாகங்களிலும் பாறைகளிலும் கோயிற் சுவர்களிலும் உள்ள ஓவியங்களின் பிரதிகளே அங்கு வைக்கப்பட்டுள்ளன. ஆதிகால மனிதர் குகைகளில் வரைந்த எளிய உருவங்கள் முதலாக, கண்டிக் காலத்துச் சுவரோவியங்கள் வரை, ஒரே கூரையின்கீழ், நல்ல வெளிச்சத்தில், கண்ணுக்கு நேராகக் காணலாம். கழுத்தை நிமிர்த்த வேண்டியதில்லை; கூட்டம் பின்னின்று நெருக்குவதுமில்லை.

பிரதி என்பதும் இகழத்தக்கதன்று. ஓர் ஓவியத்தைப் பிரதி செய்பவர் அதனை எத்தனை நாள் உற்று நோக்கியிருத்தல் வேண்டும் என்பதைச் சிந்தித்தல் நன்று. 1889-ஆம் ஆண்டில் பொதுவேலைப் பகுதியைச் சேர்ந்த மரே என்பவர், நிலத்திலிருந்து மிக உயரத்தில் இருந்த சிகிரியாக் குகைக்குள் ஏறிச் சென்று, அங்குள்ள மாதர் உருவங்களைப் பிரதி செய்தார். 1896, 1897-ஆம் ஆண்டுகளில், தொல்பொருளாணையாளர் எச். சி. பி. பெல் அவர்களின் கீழ்ப் பணியாற்றிய டி. ஏ. எல். பெரேரா அவ்வுருவங்களை மீண்டும் தீட்டினார். ஒரு விரல் எங்கே வளைகிறது, ஒரு நிறம் எவ்விடத்தில் மங்குகிறது என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்தாலன்றிப் பிரதி அமையாது. எனவே, ஓவியத்தை மிக நன்றாகப் பார்த்தவர் யார் என்று கேட்டால், பிரதி செய்தவரே என்று துணிந்து கூறலாம்.

இதிலிருந்து பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பயன்படும் ஒரு வழி பிறக்கிறது. நூதனசாலைக்குள் நுழையும் மாணவி ஒருத்தியின் கையில் ஒரு சிறு கொப்பியும் ஒரு பென்சிலும் இருக்கின்றன எனக் கொள்க. எல்லாவற்றையும் பார்க்குமாறு அவளுக்குக் கூறவேண்டாம். ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தன் மனம் பற்றிய ஓர் ஓவியத்தின் முன் கால் மணி நேரம் நிற்குமாறு கூறினாற் போதும். அருகிலுள்ள விளக்கப் பலகையை அவள் முதலில் வாசிக்கலாகாது. கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? எத்தனை நிறங்கள்? உருவங்களுக்கிடையே வெற்றிடம் உண்டா, அன்றி நிரப்பப்பட்டுள்ளதா? இந்த மூன்று வினாக்களுக்கும் தன் கண்ணாலேயே விடை தேடியபின், அவ்வோவியத்தில் உள்ள ஒரு கையையோ ஒரு மலரையோ கொப்பியில் வரைந்து பார்க்கட்டும். அதன் பின்னரே பலகையை வாசிக்கட்டும்.

இவ்வாறு பழகிய கண்ணுடன் மலையேறிக் குகைக்கோயிலுக்குச் சென்றால் அங்கே வேறோர் உலகம் புலப்படும். அது காட்சிச்சாலையன்று, மக்கள் மலர் தூவி வழிபடும் இடம். பாதணியைக் கழற்றி, குரலைத் தாழ்த்திச் செல்வதே முறை. கி.மு. முதலாம் நூற்றாண்டில் வட்டகாமணி அபய மன்னன் இக்குகைகளைக் கோயிலாக்கினான் என்பது மரபு. இன்று ஐந்து குகைகளிலும் 157 சிலைகளும், 2,100 சதுர மீற்றர் பரப்பளவான ஓவியங்களும் உள்ளன. 1991-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றது.

இரண்டாம் குகையின் கூரையை அண்ணாந்து நோக்குவோர், புத்தர் பெருமானை மாரனின் சேனை சூழ்ந்து நிற்கும் காட்சியைக் காண்பர். பாறை எங்கே மடிகிறதோ அங்கே ஓவியமும் மடிகிறது. பாறை எங்கே புடைக்கிறதோ அங்கே ஓவியமும் புடைக்கிறது. துணிப்பந்தல் ஒன்று காற்றில் அசைவது போன்ற தோற்றம் இதனால் உண்டாகிறது. இங்கே நிழலில்லை, தூரத்துப் பொருள் சிறுத்தும் அண்மைப் பொருள் பெருத்தும் காட்டும் முறையும் இல்லை. உறுதியான புறக்கோடும், செந்நிறப் பின்னணியும், இடைவெளிகளை நிரப்பும் மலர்களுமே உண்டு. "இயற்கைக்கு மாறாக இருக்கிறதே" என்று ஒருவர் குறைகூறக் கூடும். நிழலைத் தீட்ட அறியாமை அன்று இது. கதையை நிரல்படச் சொல்வதும், எழுத்தறியா அடியவரும் அதனைப் படித்துணரச் செய்வதும் ஓவியரின் நோக்கமாயிருந்தன. நோக்கத்தை அறியாமல் குறைகாண்பது, தாலாட்டுப் பாடும் தாயிடம் தாளக் கணக்குக் கேட்பதை ஒக்கும்.

இன்று காணப்படும் ஓவியங்களிற் பெரும்பகுதி 18-ஆம் நூற்றாண்டின் கண்டிப் பாணியைச் சேர்ந்தது. 1747-இல் அரியணை ஏறிய கீர்த்தி சிறீ இராசசிங்கன் இக்கோயிலைப் புதுப்பித்து, மூன்றாம் குகையையும் அமைத்தான். அவன் மதுரையிலிருந்து வந்த நாயக்கர் வழியினன் என்பது தமிழ் நேயர்கள் நினைவிற் கொள்ளத்தக்கது. கண்டிக் காலத்துக் கலையின் தகுதியை 1908-இல் வெளிவந்த 'இடைக்காலச் சிங்களக் கலை' என்ற ஆங்கில நூலின் வாயிலாக உலகுக்கு எடுத்துக் காட்டியவரும், கொழும்பிற் பிறந்த தமிழராகிய ஆனந்த குமாரசுவாமி அவர்களே. கலைச்செல்வத்தை மொழி வேலியிட்டுப் பிரிக்க இயலாது என்பதற்கு இவ்விருவரின் வரலாறும் சான்று.

தம்புள்ளையிலிருந்து சிகிரியா ஏறத்தாழ 20 கிலோமீற்றர். 5-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் காசியப்ப மன்னன் அமைத்த கோட்டை அது. சுழற்படிகளில் ஏறிக் குகையை அடைந்ததும், இங்குள்ள ஓவியம் தம்புள்ளை ஓவியத்தினின்றும் முற்றும் வேறுபட்டது என்பதைப் பழகிய கண் உடனே கண்டுகொள்ளும். உடலின் விளிம்பை நோக்கி நிறம் சிறிது சிறிதாக அழுத்தம் பெறுகிறது. அதனால் கன்னமும் தோளும் திரண்டு தோன்றுகின்றன. மலரேந்திய அம்மாதர்களின் இடைக்குக் கீழே முகில்கள் மறைக்கின்றன. அவர்கள் வான்மகளிர் என்றார் குமாரசுவாமி; கோயிலுக்குச் செல்லும் அரசகுலப் பெண்டிர் என்றார் பெல்; மின்னலும் மேகமும் பெண்ணுருக் கொண்டவை என்றார் பேராசிரியர் பரணவிதான. பேரறிஞர் மூவர் மூன்று விதமாகக் கண்டார்கள் என்றால், பள்ளிப் பிள்ளை நான்காவதாக ஒன்றை எண்ணுவதில் தவறென்ன?

அங்கே ஓர் உருவத்தில் கை ஒன்று மிகையாகத் தோன்றும். வழிகாட்டிகள் வேடிக்கையாக அதனைச் சுட்டுவர்; பார்ப்போர் நகைப்பர். ஓவியர் முதலில் ஒரு நிலையில் வரைந்து, பின்னர் மனம் மாறி வேறு நிலையில் வரைந்த திருத்தம் அது. அழிரப்பரைத் தேய்த்துத் தேய்த்துத் தாளைக் கிழித்துவிட்டுக் கண்கலங்கும் பிள்ளைக்கு, 1,500 ஆண்டுகளுக்கு முன்வாழ்ந்த பெருங்கலைஞரும் திருத்தித் திருத்தியே தீட்டினார் என்று கூறினால், அதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை.

கீழே உள்ள பளிங்கு போன்ற சுவரில், முற்காலத்தில் இவ்வோவியங்களைக் காண வந்தோர் தம் உள்ளக் கருத்தைச் செய்யுட்களாகப் பொறித்துச் சென்றனர். அவற்றுள் 685 செய்யுட்களைப் பரணவிதான படித்து 1956-இல் நூலாக வெளியிட்டார். பெரும்பாலானவை 8-ஆம் நூற்றாண்டு முதல் 10-ஆம் நூற்றாண்டு வரை எழுதப்பட்டவை. துறவியரும், அரச சேவையாளரும், பெண்டிரும் எழுதினர். நின்று பார்த்தவர்களுக்கே இவ்வாறு சொல்வதற்கு ஏதேனும் இருந்தது. இன்று அச்சுவரில் எழுதுவது குற்றம். எழுதுவதற்குக் கொப்பி இருக்கிறது.

1967-ஆம் ஆண்டு ஒக்டோபரில் எவரோ இவ்வோவியங்கள் மீது பச்சை வர்ணத்தைப் பூசிச் சிதைத்தனர். இத்தாலிய நிபுணர் லூசியானோ மரன்சியின் அரும்பணியாற் பெருமளவு மீட்கப்பட்டன. நூற்றாண்டுகளின் மழைக்கும் வெயிலுக்கும் தப்பியது ஒரு பொழுதில் அழியக் கூடும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று. காவலர் எத்தனை பேர் நின்றாலும், ஓவியத்தை நேசிக்கும் மக்களே அதற்கு உறுதியான காவல். நின்று பாராத ஒன்றை எவரும் நேசிப்பதில்லை.

ஆகவே, அடுத்த சுற்றுலாவுக்கு நாட்குறிப்பு வகுக்கும் ஆசிரியர்கள் இடங்களில் ஒன்றைக் குறைத்து, அந்நேரத்தை ஓர் ஓவியத்துக்கு வழங்குவார்களாக. மாலையில் வண்டி மாத்தளைக்குத் திரும்பும்போது, அந்த மாணவியின் கொப்பியில் பென்சிலால் வரைந்த ஒரு கை இருக்கும். விரல்கள் கோணலாக இருக்கலாம். மறுநாள் ஆசிரியர் வினவும்போது, அவளிடம் சொல்வதற்கு ஒன்று இருக்கும்.