உரம் வேண்டாத செடி

(உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பூச்சி செடியைத் தின்பதை நாள்தோறும் பார்க்கிறோம். பூச்சியைத் தின்னும் செடியும் உண்டு. இவற்றை வீட்டுத் தோட்டத்தில் வளர்க்க விரும்புவோர் பலர். அவர்களுக்காகச் சில செய்திகளைக் கூறுகிறேன்.

நம் மாநிலத்திலேயே டிரோசீரா என்னும் செடி இருக்கிறது. மழைக்குப் பின், நீர் கசியும் மணற்பாங்கான தரிசில், ரூபாய் நாணயம் அளவில் தரையோடு ஒட்டிச் சிவந்திருக்கும். இலையின் முடிகளில் பனித்துளி போல மின்னுவது பனியன்று, பசை. அமரும் சிறு பூச்சி ஒட்டிக்கொள்ளும். முடிகள் வளைந்து அதை அமுக்கும். இலையில் சுரக்கும் நீர் அதைச் செரித்துவிடும்.

இது ஏன்? அந்த நிலத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகக் குறைவு. மண் தராததைச் செடி பூச்சியிடமிருந்து பெறுகிறது. ஆகவே, தொழுவுரம், பிண்ணாக்கு, யூரியா எதையும் இடாதீர்கள். மற்றப் பயிரை வாழ வைக்கும் உரம் இதன் வேரைக் கருக்கிவிடும்.

வளர்க்கும் முறை:

தொட்டி: அடியில் துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டி போதும்.

கலவை: பலமுறை அலசி உப்பு நீக்கிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, அலசிய ஆற்று மணல் ஒரு பங்கு.

விதை: தூசி போன்றது. மேலாகத் தூவுங்கள்; மண்ணால் மூடக் கூடாது.

நீர்: மழைநீர் மட்டுமே. கிணற்று நீரின் உப்பு ஆகாது. தொட்டியைத் தட்டில் வைத்து, தட்டில் 1 செ.மீ. நீர் நிறுத்துங்கள்.

இடம்: நல்ல வெயில் வேண்டும். பூச்சிமருந்து படக் கூடாது. இரையைத் தானே பிடித்துக்கொள்ளும்.

இச்செடி பயிர்ப் பூச்சிகளை ஒழிக்கும் என்று யாரேனும் விற்க வந்தால் நம்பாதீர்கள். அது பிடிப்பது அதன் பசிக்கு மட்டுமே.

மேகாலயா மலைகளில் குடுவைச் செடி உண்டு. அங்குள்ள காரோ மக்கள் அதைப் 'பேயின் கூடை' என்ற பொருளில் அழைக்கின்றனர். அது அருகிவரும் செடி. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதைக் காட்டில் பறிப்பதும், உரிமமின்றி வளர்ப்பதும், விற்பதும் குற்றம். மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி வழக்கில் சிக்காதீர்கள்.

உங்கள் தரிசில் டிரோசீரா இருந்தால் வேரோடு பறிக்க வேண்டாம். விதை முற்றியதும் ஒரு சிட்டிகை மட்டும் எடுங்கள். மற்றது அங்கேயே உதிரட்டும். அந்த மூலையில் உரநீர் பாயாமல் வரப்பைச் சற்றுத் திருப்பி விடுங்கள். அடுத்த மழைக்கும் அது முளைக்கும்.