சான்று வாய்திறக்காத இடம்



ஆசிய வரலாற்று நாவல்களில் உண்மையும் புனைவும் கலக்கும் விதம் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். தமிழ்நாட்டில் இந்தப் பேச்சை எடுத்தால் அது காட்டுமன்னார்கோயிலில் போய்த்தான் நிற்கும். அங்கே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ‘பாண்டியன் தலைகொண்ட கரிகாலன்’ எனப்பட்ட சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவர்களும் சுற்றத்தாரும் நிலம் இழந்த செய்தியும் உண்டு. ஏன் கொன்றார்கள், யார் ஏவினார்கள் என்பதற்கு மட்டும் ஒரு சொல் இல்லை.

வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியார், பின்னர் அரியணை ஏறிய உத்தம சோழன்மேல் ஐயம் கொண்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். அறிஞர்கள் உடன்படாத அந்த வெற்றிடத்தில்தான் கல்கி, ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் நந்தினி என்ற பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவள் முழுக்கக் கற்பனை. சொன்னால் இன்றும் வருத்தப்படும் வாசகர்கள் உண்டு. ஆனால் கல்லில் இருந்த ரவிதாசனின் பெயரைக் கல்கி மாற்றவில்லை. கொலை யார் கையால் நடந்தது என்பதையும் திட்டவட்டமாகச் சொல்லவில்லை. 1950 முதல் 1954 வரை வாராவாரம் வாசகர்களைக் காக்கவைத்த தொடர்கதைக்காரருக்கு அந்த அடக்கம் எளிதாக வந்திருக்காது.

சான்று வாய்திறக்காத இடத்தில் நாவலாசிரியர் பேசுவதில் எனக்கு வருத்தமில்லை. சான்று தெளிவாகச் சொன்னதையே மாற்றும்போதுதான் வழக்கு எழுகிறது.

சீனத்தின் ‘மூன்று அரசுகளின் கதை’யைப் பாருங்கள். 14ஆம் நூற்றாண்டின் லுவோ குவான்சோங் எழுதியதாகக் கருதப்படும் நாவல் அது. 3ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் சென் ஷோ, தளபதி ஜோவ் யூவைப் பெருந்தன்மையுள்ளவர் என்று பதிந்திருக்கிறார். அவர் 210இல் நோயுற்று இறந்தார். நாவலிலோ அவர் மதியூகி ஜூகே லியாங்கின் அறிவைக் கண்டு பொறாமையில் வெந்து, ஆத்திரத்திலேயே உயிரை விடுகிறார். வைக்கோல் பொம்மைகள் ஏற்றிய படகுகளை அனுப்பி எதிரியின் அம்புகளைப் பறித்துவரும் புகழ்பெற்ற காட்சியும் ஜூகே லியாங்குக்கு உரியதன்று. அம்பு தைத்துத் தன் கப்பல் ஒரு பக்கம் சாய்ந்ததும், ஜோவ் யூவின் தலைவன் சுன் ச்சுவான் அதைத் திருப்பி மறுபக்கத்திலும் அம்பு வாங்கிச் சமன்செய்து திரும்பினான் என்பதே பழைய குறிப்பு.

சிங் காலத்து அறிஞர் ஜாங் சுயெச்செங், அந்த நாவலில் ஏழு பங்கு உண்மை, மூன்று பங்கு பொய் என்று கணக்குப் போட்டு, அது வாசகரைக் குழப்புகிறது என்று குறைப்பட்டார். பங்கு பிரிப்பதில் எனக்கு ஆர்வமில்லை. அந்த மூன்று பங்கு யார் தலையில் விழுகிறது என்று கேட்பேன். அது ஜோவ் யூவின் தலையில் விழுந்தது. சீன வெகுமக்கள் மனத்தில் அவர் பொறாமைக்காரராகவே தங்கிவிட்டார்.

ஜப்பானியரான ஷூசாகு எண்டோ வேறு வழி கண்டார். ‘மௌனம்’ என்ற அவருடைய 1966ஆம் ஆண்டு நாவலில், 1633இல் நாகசாகியில் சித்திரவதைக்குப் பின் மதம் துறந்த பாதிரியார் ஃபெரேரா தன் சொந்தப் பெயருடனே வருகிறார். கதைநாயகன் ரோட்ரிகஸுக்கு முன்மாதிரி ஜுசேப்பே கியாரா என்ற இத்தாலியப் பாதிரியார். அவருடைய உள்ளத்துக்குள் புகுந்து எழுதிய எண்டோ பெயரை மாற்றினார், போர்த்துக்கீசியராகவும் ஆக்கினார். இறந்தவரின் மனசாட்சியைத் தான் இட்டுக்கட்டுகிறோம் என்பதை அவர் மறைக்கவில்லை என்றே இதை எடுத்துக்கொள்கிறேன்.

கட்டுரை வாசிக்க வந்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘வரலாற்றைத் திரித்துவிட்டார்’ என்றோ ‘படைப்புச் சுதந்திரம்’ என்றோ தீர்ப்புச் சொல்வதற்கு முன், மூலச் சான்றின் வாசகத்தை அவைக்குப் படித்துக் காட்டுங்கள். உடையார்குடிக் கல்வெட்டு அச்சிலேயே கிடைக்கிறது. ‘பொன்னியின் செல்வ’னைப்போல ஐந்து பாகம் இல்லை. நேரம் போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. முதல் அமர்வுக்கு உரியவர்கள் மேடைக்கு வரலாம்.