கல் கொண்டு போகுது, மேலே யார் கொண்டு வர்றா?

இன்னைக்கு எபிசோட்ல கொஞ்சம் உப்புக்காத்து அடிக்கும். தூத்துக்குடிக்குப் போறோம்.

நான் பள்ளிக்கூடம் படிச்ச ஊர் அது. பத்தாம் வகுப்புல நியூட்டனின் மூன்று விதிகளையும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஒருநாள் திரேஸ்புரம் கடற்கரையில, வயசான சங்குகுளி மீனவர் ஒருத்தர் என்கிட்ட ஒரு கேள்வி கேட்டார். "ஏலே தம்பி, கல்லு என்னைய கீழ கொண்டு போவுது. மேல யாரு கொண்டு வாரா?"

"நீங்களே நீந்தி வருவீங்க, தாத்தா"ன்னு சொன்னேன். சிரிச்சுட்டார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் புரிய எனக்குப் பல வருஷம் ஆச்சு.

மன்னார் வளைகுடாவில முத்துச்சிப்பி கிடைக்கிற திட்டுகளுக்குப் 'பார்'னு பேரு. இந்தியப் பக்கத்துல கடைசியா பெரிய அளவுல முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். சங்கு குளிக்கிறது அதுக்குப் பிறகும் தொடர்ந்துச்சு. பழைய முறை இதுதான்: கயிறு கட்டின ஒரு கல்லுல காலை வைச்சு, மூச்சை அடக்கிக்கிட்டு இறங்கணும். கையில இருக்கிற நேரம் ஏறக்குறைய ஒரு நிமிஷம்.

எதுக்குக் கல்? நுரையீரல் நிறையக் காத்தோட இருக்கிற உடம்பு மிதக்கப் பார்க்கும். கை காலை அடிச்சுக் கீழே போனா, வேலை செய்யற தசை எல்லாம் அடக்கி வைச்ச மூச்சைத்தான் தின்னும். கல் இருந்தா, கீழே போற வேலையைப் புவியீர்ப்பு பார்த்துக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். கல் 20 கிலோ, ஆழம் 15 மீட்டர்னு வைச்சுக்குங்க. தண்ணிக்குள்ள அந்தக் கல்லு 20 கிலோவா இருக்காது. அது ஏழரை லிட்டர் கடல்நீரை ஒதுக்குது. அந்த நீரோட எடை அளவுக்கு மிதப்பு விசை கல்லை மேலே தள்ளும். மிஞ்சுறது பன்னிரண்டரை கிலோ கனம், அதாவது சுமார் 120 நியூட்டன் விசை.

இந்த விசை கல்லையும் ஆளையும் முடுக்கிக்கிட்டே போகுமா? போகாது. வேகம் கூடக் கூட நீரின் தடையும் கூடும். ஒரு கட்டத்துல ரெண்டும் சமமாகிடும். அப்புறம் வேகம் மாறாது. நியூட்டனின் முதல் விதி அங்கே கடலுக்குள்ள கண்ணெதிரே நடக்குது. விநாடிக்கு ஒன்றரை மீட்டர்னு வைச்சா, பத்து விநாடியில தரை தட்டிடும். மிச்சம் ஐம்பது விநாடி தேடுறதுக்கும் மேலே வர்றதுக்கும்.

இப்போ தாத்தாவோட கேள்விக்கு வருவோம். பத்து மீட்டர் ஆழத்துல அழுத்தம் மேலே இருக்கிறதைப் போல ரெண்டு மடங்கு. நுரையீரல்ல இருந்த 5 லிட்டர் காத்து இரண்டரை லிட்டரா சுருங்கிடும். மிதப்பு அவ்வளவும் குறையும். அதனால கல்லை விட்ட பிறகும் ஆழத்துல இருக்கிற உடம்பு தானா மேலே வராது. தூக்கணும். தூக்குறது, படகுல நின்னு கயிறு பிடிக்கிற ஆள்.

கல்லைத் தனியா இழுக்கவே 120 நியூட்டனை 15 மீட்டரால பெருக்கணும். 1,800 ஜூல் வேலை. அந்த 1,800 ஜூல் கல்லுல நிலை ஆற்றலா சேருது. அடுத்த முறை ஆள் கல்லோட இறங்கும்போது செலவாகிறது அந்த ஆற்றல்தான். அதாவது கல் சும்மா கீழே கொண்டு போகலை. அதுக்கும் கயிறு பிடிக்கிறவர் முன்கூட்டியே காசு கட்டிட்டார்! கீழே போறவரோட மூச்சு மிச்சமாகுது, மேலே நிக்கிறவரோட தோள் வலிக்குது.

கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவாங்கன்னு எங்க ஊர்ல ஒரு பேச்சு உண்டு. அக்கா தாலியை நினைச்சுப் பத்திரமா இழுப்பான்னு காரணம் சொல்லுவாங்க.

பிற்காலத்துல கம்ப்ரசர் வந்துச்சு. குழாய் வழியா காத்து, கீழேயே ரொம்ப நேரம் இருக்கலாம். இங்கேதான் ஆபத்து. மேலே இழுத்த மூச்சு, கீழே சுருங்கி மறுபடி மேலே வரும்போது பழைய அளவுக்குத்தான் விரியும். ஆனா பத்து மீட்டர் ஆழத்துல குழாய் வழியா 5 லிட்டர் காத்தை இழுத்து, மூச்சை அடக்கியே மேலே வந்தா அது 10 லிட்டரா விரியப் பார்க்கும். நுரையீரல் கிழியும். கம்ப்ரசர் குழாயோட இறங்குறவங்க மேலே வரும்போது மூச்சை விட்டுக்கிட்டே வரணும். ரொம்ப நேரம் கீழே இருந்துட்டு வேகமா வந்தா இன்னொரு ஆபத்து: ரத்தத்துல கரைஞ்ச நைட்ரஜன் குமிழ் கட்டி, மூட்டுவலியில இருந்து பக்கவாதம் வரைக்கும் கொண்டு போகும். காத்தை அழுத்த இன்ஜின் செலவழிச்ச ஆற்றல் எங்கேயும் தொலைஞ்சு போகலை. அழுத்தம் குறையும்போது காத்து அதைத் திருப்பிக் காட்டுது.

பரீட்சைக்குப் படிக்கிற தம்பி தங்கச்சிங்களுக்கு ஒண்ணு சொல்றேன். சூத்திரம் மறந்துபோனா பதற வேண்டாம். எதாவது ஒண்ணு 'தானா' நடக்குற மாதிரி தெரிஞ்சா, இதுக்கான ஆற்றலை யார், எப்போ கொடுத்தாங்கன்னு கேளுங்க. லிஃப்ட்ல இறங்கும்போது கேளுங்க. சைக்கிள்ல மேம்பாலத்துல இருந்து மிதிக்காம இறங்கும்போதும் கேளுங்க. ஏறும்போது மிதிச்சது உங்க கால்தானே!

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.