நன்னம்பிக்கை முனையில் ஒரு நெய்தல்



நெய்தல் என்றதும் தமிழ்க் கவிஞரின் நெஞ்சில் புன்னையும் தாழையும் உப்பங்கழியும் எழுகின்றன. அத்திணையின் உரிப்பொருள் இரங்கல். புன்னையும் தாழையும் இல்லாத ஓர் அயற்கரையிலும் அந்த இரங்கல் உண்டு என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் கேப் தீபகற்பம் சான்று.

கேப் டவுன் நகரிலிருந்து இத்தீபகற்பத்தைச் சுற்றிவர ஒரு பகற்பொழுது போதும். காலையில் சிற்றுந்து புறப்படுகிறது; வழிகாட்டியே பெரும்பாலும் ஓட்டுநர். ஹௌட் விரிகுடாவில் படகேறினால் டுய்க்கர் தீவுப் பாறைகளில் கடல்நாய்கள் நூற்றுக்கணக்கில் புரள்வதைக் காணலாம். காட்சிக்கு முன்பே நாற்றம் வந்து சேர்ந்துவிடும். அடுத்தது சாப்மன் சிகரச் சாலை. 1922இல் திறக்கப்பட்ட இச்சாலை, ஒன்பது கிலோமீட்டர் தொலைவில் 114 வளைவுகள் கொண்டது. ஒருபுறம் செங்குத்துப் பாறை. மறுபுறம் அட்லாண்டிக் பெருங்கடல்.

நன்பகலில் நன்னம்பிக்கை முனை. ஆப்பிரிக்காவின் தென்கோடி இதுவென எண்ணி வருவோர் பலர். உண்மையில் அது தென்கிழக்கே அமைந்த அகுல்யாசு முனை. இங்குள்ள பழைய கலங்கரை விளக்கத்தின் கதையோ சுவையானது. 1859இல் அதனைக் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 240 மீட்டர் உயரத்தில் அமைத்தனர். மேகமும் மூடுபனியும் அதை அடிக்கடி மறைத்தன. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. காணவேண்டிய மாலுமிக்குத் தெரியவில்லை. 1911இல் லூசித்தானியா என்னும் போர்த்துக்கீசியக் கப்பல் மோதி உடைந்தது. அதன்பின் தாழ்வான பாறையில் புதியதொரு விளக்கம் கட்டப்பட்டது. கவிஞர்கள் இதைத் தமக்குச் சொன்னதாகக் கொண்டாலும் தவறில்லை.

பிற்பகலில் சைமன்சு டவுனை அடுத்த போல்டர்சு கடற்கரை. மரப்பாதையில் நின்றால், ஆப்பிரிக்கப் பெங்குவின்கள் கருஞ்சட்டை அணிந்தாற்போல் தத்தித் தத்தி நடக்கின்றன. குரலெடுத்தால் கழுதையின் கத்தல்! பார்ப்போர் சிரிக்கின்றனர், படம் எடுக்கின்றனர். 1980களின் தொடக்கத்தில் இரண்டே இணைகளுடன் தொடங்கிய குடியிருப்பு பின்னர் ஆயிரம் இணைகளைத் தாண்டியது என்று வழிகாட்டி சொல்லும்போது, இவ்வினம் செழித்துவிட்டது என்றே எவருக்கும் தோன்றும்.

கண்ணுக்குத் தெரியும் கூட்டம் வேறு, கணக்கு வேறு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்து இலட்சத்துக்கும் மேல் வாழ்ந்த இனம் இது. இன்று இணைகள் பத்தாயிரத்துக்கும் குறைவு. 2024இல் இதனை மிக அருகிய இனமாக அறிவித்தனர். தீவுகளில் படிந்திருந்த பறவை எச்சத்தை உரத்துக்காகச் சுரண்டி எடுத்தனர். அதில் வளை தோண்டி முட்டையிட்ட பறவை வெட்டவெளிக்கு வந்தது. முட்டைகளையும் உணவுக்காக அள்ளினர். இன்றைய இடர் இரை. மத்தியும் நெத்திலியும் இடம்பெயர்ந்தன. எஞ்சியவற்றை வலைகள் வாரின. ஆண்டுக்கொரு முறை இப்பறவை இறகு உதிர்க்கிறது. புதிய இறகு முளைக்கும் மூன்று வாரமளவும் கடலில் இறங்க இயலாது. உடலில் சேர்த்த கொழுப்பே உணவு. முன்னதாக வயிறார உண்ணாத பறவை கரையிலேயே மடியும். கடலைப் பார்த்தபடி அசையாது நிற்கும் பறவையைச் சோம்பேறி என்று சுற்றுலாப் பயணி நகைக்கிறார். இதை அறியாமல் எழுதப்படும் பெங்குவின் கவிதை வெறும் நிழற்படமே. 2025 மார்ச்சில் நீதிமன்ற ஆணைவழி ஆறு குடியிருப்புகளைச் சூழ்ந்த கடலில் இம்மீன்களைப் பெருந்தொழிலாகப் பிடிப்பதற்குப் பத்தாண்டுத் தடை வந்துள்ளது.

மனிதர் கைகொடுத்த கதையும் உண்டு. 2000 ஜூனில் டிரெஷர் என்னும் கப்பல் ராபன், டாசன் தீவுகளுக்கிடையே மூழ்கி எண்ணெயைக் கொட்டியது. எண்ணெய் படிந்த ஏறத்தாழ 19,000 பறவைகளைத் தன்னார்வலர்கள் கழுவித் துடைத்தனர். தூய்மையாயிருந்த மற்றுமொரு 19,500 பறவைகளைச் சரக்குந்துகளில் ஏற்றி, நெடுந்தொலைவிலுள்ள போர்ட் எலிசபெத் கரைக்குக் கொண்டுசென்று கடலில் விட்டனர். அவை நீந்தித் திரும்புவதற்குள் கடலைச் சீர்செய்துவிடலாம் என்பது கணிப்பு. பீட்டர், பமேலா, பெர்சி எனப் பெயரிட்ட மூன்றின் முதுகில் செயற்கைக்கோள் கருவியைப் பொருத்தினர். நாட்டுமக்கள் நாள்தோறும் அவற்றின் வழியைத் தொடர்ந்தனர். மண்டேலா பதினெட்டு ஆண்டுகள் சிறையிருந்த ராபன் தீவுக்கு, எண்ணூறு கிலோமீட்டர் அளவு நீந்தி, பீட்டர் வீடு வந்து சேர்ந்தது.