பாட்டியின் சுருக்குப் பையில் பழைய வெள்ளி

புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்தில் பாட்டி விட்டுச் சென்ற சுருக்குப் பையைப் பத்திரமாக வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. அதில் மன்னர் தலை போட்ட வெள்ளிக்காசு கிடைத்தால் பலர் முதலில் செய்வது, புளி போட்டுத் தேய்ப்பது. குத்துவிளக்குக்கு அது சரி, காசுக்கு ஆகாது. மேற்பரப்பு கீறினால், சேகரிப்பாளர் கொடுக்கும் விலை விழுந்துவிடும்.

பழசு என்றாலே விலை கூடுதல் என்பதும் தவறு. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் ஒரு வெள்ளி நாணயம் 1903-இல் 26.95 கிராம்; பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. வெள்ளி விலை ஏறியதால் 1907-இல் 20.21 கிராமாகக் குறைத்தார்கள். 1919-இல் 16.85 கிராம், அதில் பாதிதான் வெள்ளி.

ஆகவே முதலில் ஆண்டைப் பாருங்கள். பிறகு நகைக்கடைத் தராசில் எடை போடுங்கள். தேய்மானத்துக்கு மேல் எடை குறைந்தால் போலியாக இருக்கலாம். காந்தத்தில் ஒட்டினால் அது வெள்ளியே அல்ல. மன்னர் முகமும் எழுத்தும் மழுங்காமல் இருந்தால் மதிப்பு கூடும்.

வெள்ளியில் அடித்த காசு புழக்கத்தை விட்டுப் போயும், மலேசியத் தமிழர் ரிங்கிட்டை இன்றும் 'வெள்ளி' என்கிறார்கள். அந்தக் காசை உருக்கக் கொடுக்குமுன் இரண்டு பேரிடமாவது விலை கேளுங்கள். உருக்கினால் எடைக்குத்தான் பணம். பாட்டி சேர்த்துவைத்தது திரும்பி வராது.