மருத்துவர் வரும்வரை

(தொடக்கப்பள்ளி ஒன்றின் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இலக்கணம் கற்பிக்கும் தமிழாசிரியன் முதலுதவியைப் பற்றிப் பேச வந்தது ஏன் என உங்களுள் சிலர் வினவக்கூடும். வினா முறையானதே. அதற்கு விடை திருக்குறளிலேயே இருக்கின்றது. திருக்குறளின் 95-ஆம் பகுதியாகிய ‘மருந்து’ என்பதன் இறுதியில், மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றார் வள்ளுவர். நோயுற்றவன் ஒரு கூறு. நோய் தீர்க்கும் மருத்துவன் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. அருகிருந்து பேணுகின்றவன் ஒரு கூறு. அந்நான்காமவனுக்கு அவர் இட்ட பெயர் ‘உழைச்செல்வான்’ என்பது. உழை என்றால் பக்கம். பக்கத்திருந்து வேண்டுவன செய்பவன் என்பது பொருள்.

நள்ளிரவில் உங்கள் குழந்தைக்கு வலிப்புக் காண்கிறது. நண்பகலில் கடலைப்பருப்பு தொண்டையில் அடைக்கிறது. அவ்வேளையில் நான்கு கூறுகளுள் எவை உங்கள் வீட்டில் உள்ளன? மருத்துவர் இல்லை, மருந்து இல்லை. நோயுற்ற குழந்தையும் நீங்களும் மட்டுமே இருக்கின்றீர்கள். 108 என்னும் எண்ணுக்கு அழைத்தால் மருத்துவ ஊர்தி வரும் ஏற்பாடு தமிழ்நாட்டில் 2008 முதல் உண்டு. நன்று, உடனே அழையுங்கள். ஆனால், மூச்சு நின்று நான்கைந்து மணித்துளி கடந்தால் மூளை கெடத் தொடங்கும். எத்துணை விரைந்து வரினும் அவ்வளவிற்குள் எல்லாச் சிற்றூர்க்கும் ஊர்தி வந்துவிடுமா? வாராது. ஆகவே அந்த இடைவெளி முழுதும் உங்கள் கையில் உள்ளது.

ஒன்றைத் தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுகின்றேன். முதலுதவியில் பாதி, செய்ய வேண்டுவது. மற்றப் பாதி, செய்யக்கூடாததைச் செய்யாமல் இருப்பது. பின்னதே கடினம். அன்பு மிக்கவர் கை சும்மா இராது. எதையாவது பூசும், எதையாவது புகட்டும், எதையாவது கட்டும். அவற்றுட் பல, நம் பாட்டிமார் செய்தவை, நம் ஊரார் சொல்பவை. முன்னோர் வழக்கைப் போற்றுகின்றவன் யான். ஆயினும் நம்முடையது என்னும் ஒரே கரணியத்தால் ஒன்று நல்லதாகிவிடாது. முறத்திற் புடைப்பவள் தன் வயலின் நெல் என்பதற்காகப் பதரைச் சோற்றிற் சேர்ப்பாளா? அங்ஙனமே, மரபிலும் மணி எது, பதர் எது என்று புடைத்துத்தான் கொள்ளல் வேண்டும்.

முதலில் தீப்புண்ணும் வெந்நீர்ப் புண்ணும். அடுப்படியில் தவழும் குழந்தைக்கு இவை மிகுதியும் நேர்கின்றன. சுட்ட இடத்தில் மை ஊற்றுகிறோம். அரைத்த மாவை அப்புகிறோம். பற்பசை, தேங்காயெண்ணெய், முட்டை வெண்கரு என அகப்பட்டதையெல்லாம் தடவுகிறோம். இவற்றுள் ஒன்றும் வேண்டா. அவை சூட்டை உள்ளேயே தேக்கும். புண்ணிற் சீழ் பிடிக்க இடந்தரும். மருத்துவர் புண்ணின் ஆழத்தைக் காணவொட்டாமல் மறைக்கும். வேண்டுவது தண்ணீர் ஒன்றே. குழாயிலிருந்தோ குவளையாலோ, சுட்ட இடத்தின்மேல் 20 மணித்துளி தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கட்டும். தோல் வெந்தபின்னும் அதனடியிற் சூடு தசையைத் தின்றுகொண்டிருக்கும். அதனைத் தணிப்பது அவ்வோடும் நீரே. பனிக்கட்டி வைக்கற்க, அது புண்ணை மேலும் கெடுக்கும். வீக்கம் காணுமுன் வளையல், அரைஞாண் முதலியவற்றைக் கழற்றுக. புண்ணில் ஒட்டிக்கொண்ட துணியை இழுக்கற்க. கொப்புளத்தை உடைக்கற்க. நனைத்த இடம் தவிர மற்ற உடலைப் போர்த்தி வைக்க. சிறு குழந்தை விரைவிற் குளிர்ந்துவிடும். பின்னர்த் தூய துணியால் மெல்ல மூடி மருத்துவரிடம் கொண்டு செல்க.

அடுத்து, தொண்டை அடைப்பு. வேர்க்கடலை, புளியங்கொட்டை, காசு, கிழிந்த ஊதற்பைத் துண்டு ஆகியவை குழந்தையின் மூச்சுக்குழலை அடைப்பன. குழந்தை வலுவாக இருமினால் இடையிற் புகற்க. அவ்விருமலைவிடச் சிறந்த மருந்து இல்லை. இருமவும் அழவும் ஒலி எழாமல், முகம் நீலம் பாய்ந்தால் நொடியும் தாழ்க்கற்க.

ஓராண்டு நிரம்பாத குழந்தையாயின், உங்கள் முன்கையின்மேல் குப்புறக் கிடத்துக. தலை உடலைவிடத் தாழ்ந்திருக்கட்டும். தாடையைக் கையால் தாங்குக. தோட்பட்டை எலும்புகளுக்கு நடுவே, மற்றக் கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்டுக. அடைப்பு நீங்காவிடில் மல்லாத்தி, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு கையின் அடிப்பகுதியால் 5 முறை அழுத்துக. அடைப்பு நீங்கும்வரை இவ்விரண்டையும் மாறிமாறிச் செய்க. ஓராண்டு கடந்த குழந்தையாயின், முன்புறம் குனியவைத்து முதுகில் 5 முறை தட்டுக. பின்னர் அதன் பின்புறம் மண்டியிட்டுத் தழுவி, கொப்பூழுக்கு மேலும் மார்பெலும்புக்குக் கீழும் ஒரு கைமுட்டியை வைத்து, மறுகையால் அதனைப் பற்றி, உள்நோக்கியும் மேல்நோக்கியும் 5 முறை இழுக்க. வயிற்றை இங்ஙனம் அழுத்துவது கைக்குழந்தைக்கு ஒருகாலும் கூடாது. குடலும் ஈரலும் கிழிபடும். பெரிய குழந்தைக்குச் செய்தபின்னும் மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும்.

வாயினுள் அடைத்த பொருள் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுக்க. தெரியாதபோது விரலைவிட்டுத் துழாவினால் அது இன்னும் ஆழத்தில் இறங்கும். ‘தொக்கம் எடுத்தல்’ என்று வாய்வைத்து ஊதுவோரிடமும் உறிஞ்சுவோரிடமும் தூக்கிக்கொண்டு ஓடுவது, இருக்கும் சில மணித்துளியையும் வீணாக்குவதாகும்.

மூன்றாவது, நீரில் மூழ்குதல். இதற்குக் குளமும் கிணறும் வேண்டுவதில்லை. தவழும் குழந்தைக்கு ஒரு வாளி நீரே போதும். எடுத்தவுடன் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவதும், சுழற்றுவதும், வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்றுவதும் நம்மிடையே உள்ளன. இவையெல்லாம் மூச்சுக்காக வாடும் மூளைக்கு மேலும் காலத்தாழ்வையே தருவன. குழந்தை மூச்சுவிடவில்லையாயின், கெட்டியான தரையில் மல்லாக்கக் கிடத்தித் தாடையைச் சற்றே உயர்த்துக. உங்கள் வாயால் மென்மையாக 5 முறை ஊதுக. கைக்குழந்தைக்கு வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி ஊதுக. மார்பு உயர்வது தெரிதல் வேண்டும். அசைவோ மூச்சோ தோன்றாவிடில், மார்பின் நடுவே, அதன் கனத்தில் மூன்றிலொரு பங்கு தாழுமாறு 30 முறை அழுத்துக. மணித்துளிக்கு 100 முதல் 120 என்னும் விரைவில் அது அமைக. பிறகு 2 முறை ஊதுக. மீண்டும் 30, மீண்டும் 2. ஊர்தி வரும்வரையிலோ குழந்தை மூச்சுவிடும்வரையிலோ நிறுத்தற்க.

நான்காவது, காய்ச்சல் வலிப்பு. ஆறு திங்கள் முதல் ஐந்தாண்டு வரையுள்ள குழந்தைகளுக்கு இது காணும். பார்ப்போர் நெஞ்சு நடுங்கும். ஆனால் பெரும்பாலும் சில மணித்துளியில் தானே அடங்கும். கையில் இரும்பைத் திணித்தலும், செருப்பை முகரச்செய்தலும், பற்களிடையே கரண்டியை நுழைத்தலும் வேண்டா. கரண்டி பல்லை உடைக்கும். உடைந்த பல் மூச்சுக்குழலுட் செல்லும். வாயில் தண்ணீரும் ஊற்றற்க. குழந்தையை ஒருக்களித்துக் கிடத்துக, சுற்றிலும் உள்ள கூரிய பொருள்களை அகற்றுக, ஆடையைத் தளர்த்துக, மணிகாட்டியைப் பார்க்க. ஐந்து மணித்துளிக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. முதன்முறை கண்ட வலிப்பாயின், அடங்கிவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுக.

ஐந்தாவது, நஞ்சு. மண்ணெண்ணெயையும் கழிப்பறை கழுவும் நீர்மத்தையும் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைப்பது நம் வீடுகளில் இயல்பு. புட்டியைக் கண்ட குழந்தை அதனைக் குடிநீர் என்றுதானே எண்ணும்? குடித்துவிட்டால் உப்புநீர் கொடுத்தும் தொண்டையில் விரலிட்டும் கக்க வைக்கற்க. மண்ணெண்ணெய் வயிற்றிலிருப்பதைவிட நுரையீரலுட் புகுவதே கொடியது. கக்கும்போது அது புகுந்துவிடும். எரிக்கும் நீர்மமாயின், இறங்கும்போது ஒருமுறை சுட்ட தொண்டையை ஏறும்போது மறுமுறை சுடும். புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைக. விளையாட்டுப் பொருள்களிலுள்ள காசு போன்ற சிறு மின்கலத்தை விழுங்கினாலும் அங்ஙனமே விரைக. அது உணவுக்குழலிற் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே சுட்டுப் புண்ணாக்கும்.

ஆறாவது, பாம்புக்கடி. என் மாணவன் ஒருவன் இடக்காலை இழுத்தே நடப்பான். அவன் உடலிற் புகுந்த நஞ்சு மருந்தால் நீங்கிற்று. கடிவாய்க்கு மேலே இறுகக் கட்டிய கயிறு கெடுத்த தசையோ மீளவே இல்லை. ஆகவே கட்டற்க, கீறற்க, வாய்வைத்து உறிஞ்சற்க. குழந்தையை நடக்கவிடாமல், கடிபட்ட கையையோ காலையோ ஒரு தப்பையோடு சேர்த்து, அசையாதவாறு தளர்வாகப் பிணித்துத் தூக்கிச் செல்க. நச்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனையே செல்லுமிடம். வேறு எவ்விடத்தும் நிற்றல் வேண்டா.

அந்த நச்சுமுறி மருந்து எவ்வாறு பிறக்கின்றது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978-இல் இருளர் மக்கள் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுக் கழகம் ஒன்றை அமைத்தனர். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் அவர்கள் எடுத்துத் தருகின்றனர். அந்நஞ்சைச் சிறுசிறு அளவிற் குதிரையின் உடலிற் செலுத்தி, அதன் குருதியில் உண்டாகும் எதிர்ப்பாற்றலைப் பிரித்தெடுத்து மருந்தாக்குகின்றனர். மரபறிவு ஆய்வறிவோடு கைகோத்தால் உயிர் காக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

நாய் கடித்தால் மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் வைக்காமல், வழலைக்கட்டி தேய்த்து ஓடும் நீரில் 15 மணித்துளி கழுவி, அன்றே தடுப்பூசி போடத் தொடங்குக. சிறு கீறல்தானே என்று விடற்க. வெறிநோய் வெளிப்பட்டபின் அதற்கு மருந்தில்லை.

இறுதியாக, வயிற்றுக்கழிச்சல். குழந்தைக்குக் கழிச்சல் கண்டால் பாலையும் நீரையும் நிறுத்திவிடும் வழக்கம் இன்னும் முற்றும் ஒழியவில்லை. கழிச்சலாற் குழந்தை சாவது பெரும்பாலும் உடலின் நீர் வற்றுவதால்தான். நீரை நிறுத்துவது அச்சாவை விரைந்து அழைப்பதாகும். மருத்துவ நிலையங்களில் தரும் உப்புச் சருக்கரைப் பொடியைக் குறிப்பிட்ட அளவு நீரிற் கரைத்துக் கொடுக்க. அது கிடைக்காவிடில், காய்ச்சி ஆறிய ஓர் இலிட்டர் நீரில் 6 தேக்கரண்டி சருக்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்க. கரண்டி தலைதட்டியதாக இருத்தல் வேண்டும். உப்பு மிகுந்தால் தீங்கு. ஒவ்வொரு கழிச்சலுக்குப் பின்னும் கரண்டி கரண்டியாகப் புகட்டுக. கக்கினால் 10 மணித்துளி பொறுத்து மீண்டும் மெல்லக் கொடுக்க. தாய்ப்பாலை நிறுத்தற்க. நம் பாட்டிமார் காய்ச்சிய உப்பிட்ட நொய்க்கஞ்சி இங்கே பதரன்று, மணியே, அதையும் கொடுக்கலாம். கண் குழிந்தாலும், சிறுநீர் பிரியாவிட்டாலும், மலத்திற் குருதி கண்டாலும், குடிக்க இயலாமற் சோர்ந்தாலும் மருத்துவமனைக்கு விரைக.

இந்த எளிய கரைசலின் ஆற்றலை உலகம் உணர்ந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1971-இல் வங்காள விடுதலைப் போரின்போது எல்லையோரத்து ஏதிலியர் தங்கல்களிற் கொடிய கழிச்சல் நோய் பரவிற்று. நரம்பில் ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துவிட்டது. மருத்துவர் திலீப் மகலனாபிசு, உப்பையும் சருக்கரையையும் நீரிற் கரைத்துப் பெருங்கலங்களில் நிரப்பி வைத்து, அதனைப் புகட்டும் பொறுப்பை நோயாளிகளின் உறவினரிடமே ஒப்படைத்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு, நூற்றுக்கு நான்கிற்கும் கீழே இறங்கிற்று. அங்கே மருந்தைப் புகட்டியவர் யார்? பட்டம் பெற்றவரல்லர்; தாயரும் தந்தையரும் உடன்பிறந்தாருமே. வள்ளுவர் கூறிய அந்நான்காம் கூறு எத்துணை வலியது என்பதற்கு அதுவே சான்று.

பெற்றோர்களே! கேட்டது காதோடு போகாமலிருக்க, இன்றிரவே மூன்று செய்யுங்கள். முதலாவது, நஞ்சனைய பொருள் யாவற்றையும் குழந்தையின் கைக்கெட்டாத உயரத்தில் வைத்துப் பூட்டுங்கள். இரண்டாவது, இங்குச் சொன்னவற்றை உங்கள் கையாலேயே, உங்கள் வீட்டில் வழங்கும் தமிழிலேயே ஒரு தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள். பதற்றத்தில் நடுங்கும் தாய்க்கு அயன்மொழிக் குறிப்பை எழுத்துக்கூட்டிப் பொருளறிய ஓய்வில்லை. 108 என்னும் எண்ணும், வீட்டுக்கு வரும் வழியின் அடையாளமும் அத்தாளில் இருக்கட்டும். மூன்றாவது, துணிப்பொம்மை ஒன்றைக் கையிற் கிடத்தித் தட்டவும் அழுத்தவும் பழகுங்கள். செஞ்சிலுவைக் கழகம் போன்றவை நடத்தும் முதலுதவிப் பயிற்சி அருகிற் கிடைக்குமாயின், கணவனும் மனைவியும் இருவரும் செல்லுங்கள். பாட்டியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பகலெல்லாம் குழந்தையோடு இருப்பவர் அவரே.

குழந்தைக்குத் தீங்கு நேரும்போது அழாத தாயில்லை. அழுகை பின்னர் வரட்டும். முதலிற் கை தன் கடனைச் செய்யட்டும்.