தண்டவாளத்தைப் பற்றும் வில்

தில்லியிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ ஊர் திரும்பும் நாம், ஓரிரவோ ஈரிரவோ ரயில்வண்டியை நம்பி உறங்குகிறோம். அவ்வுறக்கத்திற்குக் காவலாயிருப்பது, தண்டவாளத்தின் ஓரத்தில் வளைந்து கிடக்கும் கட்டைவிரற் பருமனான எஃகுக் கம்பி.

முன்னாளில் தண்டவாளத்தை மரக்கட்டையோடு ஆணியடித்து இறுக்கினர். வண்டி அதிர அதிர ஆணி மேலெழும்பும். எழும்பியது தானாக இறங்காது. நார்வே நாட்டுப் பொறியாளர் பாண்டே ரோல்ஃப்சன் 1957-இல் வகுத்த வில் கொக்கியோ, அதிர்வுக்கு நெகிழ்ந்து கொடுத்தும் பிடியை விடுவதில்லை. நம் நாட்டில் வழங்கும் இவ்வகைக் கொக்கி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 850 முதல் 1,100 கிலோகிராம் விசையுடன் தண்டவாளத்தை அழுத்துகிறது. அடியில் ரப்பர்த் தகடு ஒன்றும் உண்டு. அகலப் பாதையின் 1,676 மில்லிமீட்டர் இடைவெளி குலையாதிருப்பதில் இவற்றுக்குப் பெரும் பங்குண்டு.

துருவேறினாலோ நழுவினாலோ இந்தப் பிடியும் தளரும். அதற்காகவே சுத்தியல் ஏந்திய கீமேன் நாள்தோறும் பாதை நெடுக நடக்கிறார். நம் வண்டி கடக்கையில் ஒதுங்கி நிற்பவர் அவரே.